கிளட்ச் பொத்தான் வேறு, கிளட்ச் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் கார் பந்தய வீடியோ விளையாட்டுகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஆட்டோமேட்டிக் கியரில் ஆடுபவர்கள் கற்றுக்குட்டிகள், கிளட்சையும் தாங்களே இயக்கி ஆடுபவர்கள்தான் உண்மையான ஓட்டுநர்கள் என்றும், அப்படி ஆடிப் பழகியவர்களுக்குச் சாலையில் கார் ஓட்டக் கற்பது எளிது என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. நாமக்கல்லில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஓட்டுநர் பயிற்சி அளித்தவன் நான். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் பயிற்சி வண்டி கொட்டகையில் முடங்கிக் கிடந்தபோது, மகன் வாங்கி வைத்திருந்த விளையாட்டுக் கருவியைத் தொட்டு, இன்றுவரை விடாதவனும்கூட. இரண்டு பக்கமும் ஓரளவு தெரிந்தவன் என்ற முறையில், அந்தக் கட்டுரை இரு வேறு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

வண்டி எந்த கியரில் ஓட வேண்டும் என்று முடிவு செய்பவர் யார் என்பது முதல் கேள்வி. கியர் மாறும் நொடியில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பைப் பிரித்துச் சேர்ப்பவர் யார் என்பது இரண்டாவது. ஃபோர்ஸா ஹொரைசன் போன்ற விளையாட்டுகளில் ஆட்டோமேட்டிக், மேனுவல் (கியரை நாம் மாற்ற, கிளட்சை விளையாட்டே இயக்கும்), கிளட்சுடன் மேனுவல் என்று மூன்று தேர்வுகள் தனித்தனியாகவே இருக்கின்றன. கட்டுரையாளர் நடுவில் உள்ளதை அடியோடு மறந்துவிட்டார். என்னைக் கேட்டால், திறமை என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் அந்த நடுத் தேர்வில்தான் இருக்கிறது.

ஏனென்றால் விளையாட்டில் உள்ள ஆட்டோமேட்டிக்குக்குக் கண் கிடையாது. இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது, ஆக்ஸிலேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் அது அறியும். அடுத்து வரப்போவது வளைவா, மேடா, நேர்ச்சாலையா என்பது அதற்குத் தெரியாது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் திடலில் உள்ள வடக்குத் தடம் 20.8 கிலோமீட்டர் நீளமுள்ளது. 2004இல் வந்த கிரான் டூரிஸ்மோ 4 விளையாட்டிலேயே அது இடம்பெற்றுவிட்டது. அதில் காருஸல் என்றொரு வளைவு உண்டு. தொட்டிபோலச் சரிந்த கான்கிரீட் பள்ளத்துக்குள் காரை இறக்கி, குலுங்கிக்கொண்டே சுற்றி வெளியேற வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் நான் அந்தப் பள்ளத்துக்குள் இருக்கும்போதே அது சற்று வேகம் கூடியதைக் கண்டு அடுத்த கியருக்குத் தாவும். இழுவை விட்டுப்போய், கார் வெளிப்பக்கமாக ஒதுங்கும். மேனுவலில் அதே கியரை இறுகப் பிடித்துக்கொண்டு, இன்ஜின் சத்தம் கூடினாலும் பொறுத்து, வெளியே வந்த பிறகு மாற்றலாம். அதேபோல, பலமான இன்ஜின் உள்ள கார் மெதுவான வளைவிலிருந்து கிளம்பும்போது பின்சக்கரங்கள் வெறுமனே சுழல்வதைத் தடுக்க, முழுச் சுற்று வரும் முன்பே ஒரு கியர் மேலே போட்டு வேகத்தை அடக்கி வெளியேறலாம். இப்படி முன்கூட்டி நினைக்க ஆட்டோமேட்டிக்கால் ஆகாது.

இது பந்தயத் தடத்துக்கு மட்டும் உரிய பாடமும் அன்று. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்குப் போகும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. என் மாணவர்களை அங்கே அழைத்துப் போகும்போதெல்லாம், எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்று ஓட்டுநர்கள் வழிவழியாகச் சொல்வதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். வளைவு கண்ணில் பட்டதும், உள்ளே நுழையும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிக் கைவிட்டுவிடும், இன்ஜினின் பிடிப்பும் வேண்டும். கன்ட்ரோலரில், அதாவது கையில் பிடித்து ஆடும் பொத்தான் கருவியில், மேனுவலாக ஆடும் பிள்ளை இந்த நினைப்பை உண்மையாகவே கற்றுக்கொள்கிறது. விளையாடிப் பழகியவர்களாக என்னிடம் வந்த இளைஞர்கள், எப்போது கியர் மாற்ற வேண்டும் என்பதை மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். பார்வையையும் தொலைவில் வைத்திருந்தார்கள். இந்த அளவுக்குக் கட்டுரையாளர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே இளைஞர்கள் முதல் நாள் கிளட்சை விடும்போது, விளையாட்டையே பார்த்திராதவர்களைப் போலத்தான் வண்டியைத் துள்ளவிட்டு ஆஃப் செய்தார்கள். ஒருவரும் விதிவிலக்கு இல்லை. காரணம் எளிது. கிளட்ச் என்பது இன்ஜினோடு சுழலும் கனத்த சக்கரத்தின்மீது ஒரு தட்டு அழுந்திப் பிடிப்பது. பெடலை மெல்ல விடுகையில், அந்தத் தட்டு உரசத் தொடங்கும் ஓர் இடம் வரும். இன்ஜின் சத்தம் சற்றே தாழும், வண்டியின் மூக்கு இலேசாக எழும், இருக்கையில் ஓர் அதிர்வு வரும். நாங்கள் ஹாஃப் கிளட்ச் என்று சொல்வது இந்த இடத்தைத்தான். அது வண்டிக்கு வண்டி மாறும், தட்டு தேயத் தேயவும் மாறும். பாதமும் முதுகும் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டிய அந்த இடத்தை, அமுக்கினால் பிரிவதும் விட்டால் சேர்வதுமான ஒரு பொத்தான் எப்படிக் காட்டும்?

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஃபோர்ஸா ஹொரைசனில் கிளட்ச் வழக்கமாகக் கன்ட்ரோலரின் இடது தோளில், ஆள்காட்டி விரலுக்குக் கீழே இருக்கிறது. நம் ஊரில் இடக்கை விரலால் கிளட்ச் பிடிப்பது பைக்கில்தான். ஆக, அந்தப் பொத்தானைப் பிடித்துக் கார் ஓட்டுவதாக நினைப்பவரின் கை, உள்ளபடியே மோட்டார் சைக்கிள் ஓட்டும் கையைத்தான் பாவனை செய்கிறது. அதுவும் பாதிதான், பைக்கில் கியரை மாற்றுவது இடது கால், இங்கே வலது கட்டைவிரல்.

அப்படியானால் அனுபவமுள்ள பலர் ஏன் கிளட்சுடன் மேனுவலையே விரும்புகிறார்கள்? கட்டுரையாளர் நினைப்பதுபோல அது நிஜத்துக்கு நெருக்கமானது என்பதால் அன்று. கடிகாரத்தில் அது இலாபம் தருகிறது என்பதால்தான். வெறும் மேனுவலில் ஆடினால், கிளட்சை விளையாட்டே இயக்கி, ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் தன் கணக்கில் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் இன்ஜினின் வலு சக்கரத்துக்குப் போகாது. கிளட்சை நாம் இயக்கினால், ஆக்ஸிலேட்டரை முழுவதும் அழுத்தியபடியே கிளட்ச் பொத்தானையும் கியர் பொத்தானையும் ஏறத்தாழ ஒரே தட்டாகத் தட்டி, அதைவிட விரைவாக மாற்றிவிடலாம். ஒரு மாற்றத்தில் கிடைப்பது நொடியின் சிறு துண்டுதான் என்றாலும், ஒரு சுற்றில் எத்தனை முறை கியர் மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். சற்று முந்திக் கியரைத் தட்டிவிட்டால் பற்கள் கர்ரென்று உரசி நேரம் வீணாகும் என்பதால், இதற்கும் பழக்கம் வேண்டும் என்பது உண்மையே. அது மிருதங்கம் வாசிப்பவரின் விரல்களுக்கு வேண்டிய பழக்கத்தைப் போன்றது. தாளம் தவறக்கூடாது, அவ்வளவுதான்.

என் தொழிலில் இருப்பவனை இது உறுத்தும் இடம் ஒன்று உண்டு. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் கிளட்சை மிதிப்பதுதான், இருபத்திரண்டு ஆண்டுகளாக மாணவர்களிடம் நான் தொண்டை வறளக் கண்டித்த பிழை. உண்மையான காரில் அப்படிச் செய்தால் சுமை நீங்கிய இன்ஜின் அலறும். கிளட்சை விட்டதும் தட்டு வழுக்கிச் சூடாகும், கருகும் வாடை வரும், மெக்கானிக்குக்கு வேலை வரும். நிஜத்தில் தண்டனை பெறும் அதே பிழைக்கு விளையாட்டு பரிசு கொடுக்கிறது. அதைத் திருத்தமாகச் செய்பவரை உண்மையான ஓட்டுநர் என்று அழைப்பது எப்படிப் பொருந்தும்?

இன்னொன்று, பந்தய உலகமே ஓடும் காரில் கிளட்ச் மிதிப்பதைக் கைவிட்டு நெடுநாள் ஆகிறது. 1989ஆம் ஆண்டு பிரேசில் ஃபார்முலா 1 போட்டியில் ஜான் பார்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640 கார், ஸ்டியரிங்கின் பின்னால் விரலால் இயக்கும் துடுப்பு போன்ற விசைகளால் கியர் மாற்றும் முறையோடு களமிறங்கி, நைஜல் மான்செல் கையில் முதல் போட்டியிலேயே வென்றது. 1991இல் அயர்டன் சென்னாவுக்குச் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்த மெக்லாரன் எம்பி4/6தான் கையால் கியர் போடும் முறையில் பட்டம் வென்ற கடைசி ஃபார்முலா 1 கார். அந்த ஆண்டு பிரேசிலில் மற்ற கியர்கள் ஒவ்வொன்றாகக் கைவிட, இறுதிச் சுற்றுகளை ஆறாம் கியர் ஒன்றை மட்டுமே வைத்துக்கொண்டு அவர் ஓட்டி முடித்த கதையைப் பந்தய இரசிகர்கள் அறிவார்கள். இன்றைய ஃபார்முலா 1 காரில் எட்டு கியர்கள். கிளட்ச் ஸ்டியரிங்கின் பின்புறம் ஒரு துடுப்பாகச் சுருங்கிவிட்டது, நின்ற இடத்திலிருந்து கிளம்பத்தான் அது வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஃபார்முலா 1 விளையாட்டு இதை அப்படியே எடுத்துக்கொண்டு, கிளட்சைப் பிடித்திருந்து விளக்கு அணைந்ததும் விடும் தொடக்கத்தைச் சேர்த்தது. கிளட்சுக்கு அங்கே இடம் அவ்வளவுதான், அது சரியான இடமும்கூட. துடுப்பில் கியர் மாறும் காரை ஓட்டிக்கொண்டு, ஒவ்வொரு கியருக்கும் கிளட்ச் பொத்தானைத் தட்டுவதில் என்ன நிஜம் இருக்கிறது?

இதில் ஒரு தற்செயல் எனக்குப் பிடிக்கும். ஃபெராரி அந்த வேலையை ஓட்டுநரின் காலிலிருந்து விடுவித்த அதே 1989இல், அட்டாரி நிறுவனம் ஹார்ட் டிரைவின் என்ற விளையாட்டு எந்திரத்தைக் கொண்டுவந்தது. காசு போட்டு ஆடும் அந்த எந்திரத்தில் சாவி திருப்பி இன்ஜினைக் கிளப்பும் வசதியும், மூன்று பெடல்களும், கியர்த் தண்டும் இருந்தன. வேண்டாதவர் ஆட்டோமேட்டிக்கையும் தேர்ந்தெடுக்கலாம். நிஜம் கழற்றிப் போட்டதை விளையாட்டு ஆசையோடு எடுத்து மாட்டிக்கொண்டது.

மூன்று பெடல்கள் இருந்தால் பேச்சே வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2006இல் வந்த லாஜிடெக் ஜி25 என்ற விளையாட்டு ஸ்டியரிங் தொகுப்பில் கிளட்ச் பெடலும் ஆறு கியர் கொண்ட தண்டும் சேர்ந்தே வந்தன. அத்தகைய தொகுப்பை வைத்துக்கொண்டு அஸெட்டோ கோர்ஸா விளையாட்டில் ஒரு பழைய காரை எடுத்தால், பிரேக்கை மிதித்திருக்கும் அதே வலது பாதத்தின் ஓரத்தால் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு தட்டி, இன்ஜின் சுற்றைச் சக்கரத்தோடு பொருத்தி, கியரைக் குறைக்க வேண்டும். தவறினால் பின்சக்கரங்கள் பிடிவிட்டு வண்டி திரும்பிக்கொள்ளும். கியர்ப்பெட்டியில் வேகத்தைப் பொருத்தித் தரும் வளையங்கள் இல்லாத அந்தக் காலத்து லாரிகளில், ஒரு கியர் மாற்ற இரு முறை கிளட்ச் மிதித்த எங்கள் மூத்த ஓட்டுநர்களுக்கு இந்த வித்தை புரியும். அங்கேயும் பெடலுக்கு அடியில் இருப்பது சுருள்வில்தான், உராயும் தட்டு அன்று. ஹாஃப் கிளட்சின் அதிர்வு இருக்கைக்கு வராது. இருந்தாலும் காலும் கையும் ஒத்து இயங்கும் வரிசையாவது உண்மையானது.

ஆகவே புதிதாக ஆட வருபவர்களிடம் நான் சொல்வது: ஆட்டோமேட்டிக்கில் தடத்தைப் படியுங்கள், பிறகு மேனுவலுக்கு வாருங்கள், மூன்று பெடல்கள் வாங்கும்வரை கிளட்சைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நேரப்பட்டியலில் முதலிடம்தான் வேண்டும் என்பவர் பொத்தானைப் பழகட்டும், அது அவர் விருப்பம். ஆட்டோமேட்டிக்கிலேயே இருந்துவிட விரும்புகிறவரையும் யாரும் இகழ வேண்டாம். என் தம்பி மகனுக்கு வலக்கை விரல்கள் முழுதாக இயங்காது. அவன் ஆட்டோமேட்டிக்கில்தான் ஆடுகிறான், வளைவுக்குள் சரியான கோட்டில் நுழைவதில் அவனிடம் நான் இன்னும் தோற்கிறேன். நம் ஓட்டுநர் உரிமத்தில்கூட இருசக்கர வாகனத்துக்குக் கியர் உள்ளது, கியர் இல்லாதது என்று வகை பிரித்திருக்கிறார்களே ஒழிய, கியர் இல்லாததை ஓட்டுபவரை ஓட்டுநர் அல்லர் என்று சொல்லவில்லை.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு வெளியிட்ட படத்தின் கீழே, இளைஞர் இடது காலால் கிளட்சை இயக்குவதாக எழுதியிருந்தீர்கள். படத்தை உருப்பெருக்கி வைத்தே பார்த்தேன். அதில் இருப்பவை இரண்டு பெடல்கள்தாம். அந்தப் பிள்ளை இடது காலால் மிதித்துக்கொண்டிருப்பது பிரேக்கை.

இப்படிக்கு,
முன்னாள் ஓட்டுநர் பயிற்சியாளர் ஒருவர்,
நாமக்கல்.