காருக்கு இருப்பது படகுக்கும் வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

காரில் சக்கரம் வழுக்கினால் கம்ப்யூட்டரே இன்ஜினை அடக்குகிறதே, அதே மாதிரி படகுக்கும் ஒரு கருவி வந்தால் புரொப்பல்லர் வெறுமனே சுற்றுவது நின்றுவிடும் என்று சிலர் பேசுகிறார்கள். ஆசை சரி, ஆனால் தண்ணீர் தார் ரோடு இல்லையே! கொஞ்சமாவது நழுவாமல் புரொப்பல்லரால் தள்ளவே முடியாது; வேகமாகப் போகும் சின்னப் படகில் 10, 15 சதவீத நழுவல் (புரொப்பல்லர் சுற்றும் அளவுக்குப் படகு நகராமல் குறைவது) சாதாரணம்.

பைபர் படகில் உண்மையான தொல்லை காற்று. அலை பின்பக்கத்தைத் தூக்கியதும் புரொப்பல்லர் மேலிருந்து காற்றை இழுத்துக்கொள்ளும், பிடி விட்டு இன்ஜின் அலறும், மறுபடி தண்ணீரைக் கவ்வும்போது கியரில் ஓங்கி அடி விழும். இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் இன்ஜினைக் காப்பாற்றும், அவ்வளவுதான்.

1894-ல் ஆங்கிலேய பொறியாளர் பார்சன்ஸின் டர்பினியா என்ற நீராவிக் கப்பல் எதிர்பார்த்த வேகம் போகாததற்கு வேறு காரணம்: புரொப்பல்லர் அளவுக்கு மீறி வேகமாகச் சுற்றி, அங்கே நீராவிக் குமிழிகள் உண்டாயின. அவர் 3 தண்டுகளில் 9 புரொப்பல்லர்களை மாட்டித்தான் அதைச் சரிசெய்தார்.

நாமும் முதலில் இன்ஜின் மாட்டியிருக்கும் உயரத்தைப் பார்க்கலாம். புரொப்பல்லருக்கு மேலுள்ள தகடு ஏறக்குறைய படகின் அடிமட்டத்துக்கு வர வேண்டும். 20 அங்குல உயரப் பின்பலகையில், 15 அங்குல உயரப் பலகைக்கான குட்டை இன்ஜினை மாட்டிவிட்டு (இதுவும் நடக்கிறது) எந்தக் கருவியைப் பொருத்தி என்ன பயன்? மானியத்தில் இன்ஜின் கொடுக்கும்போது இதை அளந்து மாட்டித் தரவும் மீன்வளத்துறை ஏற்பாடு செய்யட்டும்.

ஒரு வாசகர்,
நாகப்பட்டினம்