மடத்துத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்கு அறிக்கை

அன்பான உறுப்பினர்களுக்கு,

கோயில் தெற்கு வீதி மடத்தின் திருப்பணி முடிந்துவிட்டது. ஆறு அறைகளிலும் மாணவர்கள் குடிவந்துவிட்டார்கள். கணக்கு, பற்றுச்சீட்டுகளுடன் மடத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறது.

“யாத்திரிகர் மடம் கம்பஸ் பெடியளுக்கு எதுக்கு?” என்று சிலர் கூட்டத்தில் கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1974இல் திருநெல்வேலியில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் இடத்தில்தான் அது அமைந்தது. பிள்ளைகள் பெருகப் பெருக, திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் வீடுகள் முன் அறையை ஒழித்துக் கொடுத்தன. மடமும் அப்படித்தான் மாணவர்களுக்குத் திறந்தது. போரில் ஊரே வெளியேறிய 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் பூட்டிவிட்டுப் போனோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது பாதிக் கூரை இல்லை. தகரம் போட்டுச் சமாளித்தோம்.

2009இல் போர் முடிந்த பிறகு நெருக்கடி வேறு மாதிரி வந்தது. தெற்கிலிருந்து சிங்களப் பிள்ளைகளும் இங்கே படிக்க வந்தார்கள். அதே நேரம் வங்கிகளும் நிறுவனங்களும் வீடுகளை எடுக்க, வாடகை ஏறியது. வன்னியில் எல்லாவற்றையும் இழந்த குடும்பத்துப் பிள்ளை அந்த வாடகைக்கு எங்கே போகும்? இதனால்தான் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகளுக்கு முதலிடம் என்று குழு முடிவெடுத்தது. இதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை.

சரி, வேலைக்கு வருகிறோம். கூரையைத் தாங்கும் பனந்தீராந்திகள் இன்னும் வைரமாக நின்றன. மேலே ஓடு தாங்கும் சலாகைகளைத்தான் கறையான் தின்றிருந்தது. அவற்றை மாற்றி, தகரத்தைக் கழற்றி, ஓடு வேய்ந்தோம். சுவரில் ஒரு தவறு செய்தோம். சுண்ணாம்புக் கல் சுவருக்குச் சீமெந்து பூசினால் போதும் என்று நினைத்து முதல் இரண்டு அறைகளையும் பூசினோம். கார்த்திகை மழையில் ஈரம் உள்ளேயே நின்று பூச்சு பொருக்குப் பொருக்காகக் கழன்றது. வயதான மேசன் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “சுவர் மூச்சு விட வேணும் தம்பி” என்றார். முழுவதையும் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புச் சாந்து பூசினோம். இரண்டு மாதம் பிந்தியதற்குக் காரணம் இதுதான், பொறுப்பு குழுவுடையது.

மூன்றாம் அறையின் விளக்கு மாடத்தை மட்டும் தொடவில்லை. 1990களின் முற்பகுதியில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெயும் கிடைப்பது அருமை. ஜாம் போத்தலில் பஞ்சை வைத்துச் சொட்டு எண்ணெய் விட்டுப் படித்தார்கள். அந்தப் புகை மாடத்தின் மேல் வளைவில் கறுப்பாகப் படிந்து கிடக்கிறது. பக்கத்தில் பென்சிலால் எழுதிய பரீட்சை நேரசூசி, கடைசிப் பாடம் வெட்டப்படாமல். வெள்ளை அடிக்க வந்த பெடியன் தூரிகையோடு நின்று அதை வாசித்துவிட்டு, “அண்ணை, இதை விடுவமா?” என்று கேட்டான். விட்டோம்.

கிணற்றுக் கட்டும் மலசலகூடமும் புதிது. சமையலறைக் கதவு மட்டும் பாக்கி. வேப்பம் பலகை அறுத்துக் காய்கிறது, தையில் போட்டுவிடுவோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு