பக்கத்து இருக்கையில் இருந்தவருக்கு நன்றி

நூலகக் கணினியில் விண்ணப்பப் படிவத்தைத் திறந்தால், ‘காத்திருக்கவும்’ என்ற செய்திதான் வந்தது. காத்திருந்தால் ஏதோ வந்துவிடும் என்பதுபோல! விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். என் பெருமூச்சு உங்கள் காதில் விழுந்திருக்க வேண்டும்; கேட்காமலேயே நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தீர்கள், ஐயா.

இது எக்ஸ்எஃப்ஏ (XFA) என்ற தனி வகை பிடிஎஃப் படிவம், உலாவிக்குள் பெரும்பாலும் திறக்காது, கணினியில் சேமித்து அடோபி ரீடர் என்ற பிடிஎஃப் செயலியில் திறக்க வேண்டும் என்றீர்கள். திறந்தது. அடுத்து, பிறந்த தேதிக் கட்டம் முரண்டு பிடித்தது: உள்ளிட்டது வடிவத்துடன் பொருந்தவில்லையாம். அந்தச் செய்தியின் இறுதியில், அடைப்புக்குறிக்குள் இருந்த எழுத்துகளைச் சுட்டிக்காட்டினீர்கள். மாதம் முதலில், பிறகு நாள், இடையே சாய்கோடு. விடையைப் பிழைச்செய்தியின் வாலில் ஒளித்துவைத்தவர்களை என்ன சொல்வது!

விசைப்பலகையை நீங்கள் தொடவே இல்லை. என்னையே தட்டச்சு செய்ய விட்டீர்கள். அடையாள எண்ணை நான் நிரப்பியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அந்தப் பண்பைத்தான் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நன்றி சொல்லத் திரும்பினால் ஆளைக் காணோம். படிவம் ஏற்கப்பட்டுவிட்டது, ஐயா. இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கள், பெயரையாவது தெரிந்துகொள்கிறேன்.