செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவருக்கும் நிர்வாகசபையினருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, கலைவிழா, கோடைகால ஒன்றுகூடல் மூன்றும் வழமைபோல நடந்தன. மண்டப வாடகை கூடிவிட்டதால் வாணிவிழாவைச் சுருக்கமாக முடித்தோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். செலவைச் சமாளித்துவிட்டோம், கையிருப்புத்தான் போன வருடத்தைவிடக் குறைவு.

இங்கே வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு உதவ ஞாயிறு மாலை நாங்கள் நடத்தும் வதிவிட உதவி மேசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கலை வளர்க்கும் சங்கத்துக்கு இது எதற்கு என்று சபையிலேயே கேட்டார்கள். நம்மில் நிறையப் பேர் பிரான்ஸ், ஜேர்மனி, நெதர்லாந்துக் குடியுரிமையோடு லண்டனுக்கு வேலைக்கு வந்தவர்கள். அன்று விசா கேட்க ஆளில்லை. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால் 2020 டிசம்பர் 31 உடன் அந்தக் காலம் முடிந்தது. ஏற்கெனவே இங்கிருந்தவர்கள் தொடர்ந்து இருக்க 2021 ஜூன் 30க்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஐந்து வருடம் இங்கே வாழ்ந்ததைக் காட்டியவர்களுக்கு செற்றில்ட், அதாவது நிரந்தர வதிவிட உரிமை; மற்றவர்களுக்கு பிறீ-செற்றில்ட், அதாவது தற்காலிக உரிமை. அந்த இரண்டாவது கூட்டம்தான் எங்கள் மேசைக்கு வருகிறது.

பிறீ-செற்றில்டை உள்துறை அமைச்சு இப்போது தானாகவே நீட்டிவிடுகிறது, பிறகென்ன அவசரம் என்கிறார்கள். ஆனால் வேலை போய் யுனிவேர்சல் கிரெடிட் என்ற அரச உதவிப்பணம் கேட்கும்போது பிறீ-செற்றில்ட் மட்டும் போதாது. பிள்ளை இங்கே பிறக்கும்போது தாய் தகப்பனில் ஒருவருக்காவது செற்றில்ட் இருந்தால் அதற்குப் பிறப்பிலேயே பிரித்தானியக் குடியுரிமை. இருவருக்கும் பிறீ-செற்றில்ட் மட்டும் என்றால் அப்படியில்லை, பிள்ளைக்கும் மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இது பலருக்குத் தெரியாது.

பாரிஸிலிருந்து வந்த ஒரு அக்கா, தாயைப் பராமரிக்க அடிக்கடி அங்கே போய்த் தங்கியதால் தனக்கு இனி செற்றில்ட் கிடைக்காது என்றே இருந்தார். 2025 ஜூலை 16 முதல் விதி மாறியிருக்கிறது. கடைசி 60 மாதங்களில் மொத்தம் 30 மாதம் இங்கே இருந்திருந்தால் பிறீ-செற்றில்ட் உள்ளவர்கள் செற்றில்டுக்கு விண்ணப்பிக்கலாம். சேலைக்கடைப் பை நிறைய சம்பளச் சீட்டும் கவுன்சில் வரிக் கடிதங்களும் கொண்டுவந்தார். மாத வாரியாக அடுக்கிப் படமெடுத்து அனுப்பினோம், கிடைத்தது. புதிய பிரெஞ்சுக் கடவுச்சீட்டைத் தன் இணையக் குடிவரவுக் கணக்கில் இணைக்காமலே வைத்திருந்தார், அதையும் அன்றே செய்துவிட்டோம்.

சட்ட ஆலோசனை நாங்கள் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. சிக்கலானவற்றைப் பதிவுபெற்ற ஆலோசகரிடம் அனுப்புகிறோம். ஆனால் 2019 மார்ச் முதல் கட்டணமே இல்லாத விண்ணப்பத்துக்கு எங்கள் ஆட்கள் யார் யாருக்கோ நூற்றுக்கணக்கான பவுண் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

மனவருத்தம் ஒன்று உண்டு. மேசைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் சந்தா கட்டவில்லை. காரியம் முடிந்ததும் தொலைபேசியையும் எடுப்பதில்லை. பொதுக்கூட்டத்திலும் வெற்றுக் கதிரைகளே அதிகம். நிர்வாகசபைக் கூட்டத்துக்கு வராதவர்களின் பெயரை இங்கே வாசிக்கப்போவதில்லை, அவர்களுக்கே தெரியும்.

மண்டபம் தந்த ஆலய நிர்வாகத்துக்கும், தேநீர் போட்ட மகளிர் அணிக்கும், ஒலியமைப்புப் பார்த்த தம்பிமாருக்கும் நன்றி.

வரும் வருடம் மேசையைத் தனியாக நடத்த என்னால் இயலாது. கணினி பழக்கமுள்ள இளையவர்கள் இரண்டு பேராவது வேண்டும். அறை வாடகைக்குச் சந்தாவைத் தவிர வேறு வழியில்லை. பொருளாளர் வாசலருகேதான் இருக்கிறார், இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை அவரைப் பாருங்கள்.