ஐந்தாம் பக்கத்தில் எல்லாம் போய்விடுகிறது: விண்ணப்பத் தளம் கட்டுகிறவர்களுக்கு ஒரு மடல்

நண்பர்களே,

நான் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். அதற்கு முன் சில வருடம் பிஎச்பி என்ற மொழியில் வலைத்தளங்களுக்கு நிரல் எழுதியவன், அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்றும் தெரியும்.

போன மாதம் ஓர் அம்மாவும் மகளும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்தார்கள். ஏழு பக்கம். ஐந்தாவதில் வருமானச் சான்றிதழ் எண் கேட்டது, சான்றிதழ் வீட்டில் இருந்தது. அந்த அம்மா பஸ் பிடித்துப் போய் எடுத்துவர முக்கால் மணி நேரம் ஆயிற்று. எண்ணைப் போட்டு 'அடுத்து' அழுத்தினேன், முதல் பக்கம் காலியாக வந்து நின்றது. அந்தப் பெண் எதுவும் பேசாமல் ஆதார் அட்டையை மறுபடி பையிலிருந்து எடுத்தாள்.

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபிக்கு ஞாபகம் கிடையாது, அதனால் முந்தைய பக்கத்தில் நிரப்பியதை செஷனில், அதாவது ஒவ்வொருவருக்கும் சர்வர் தற்காலிகமாக வைத்திருக்கும் குறிப்பில், வைக்கிறீர்கள், சரி. ஆனால் பிஎச்பியில் யாரும் மாற்றாவிட்டால் 1440 விநாடி, அதாவது 24 நிமிடம் தொடாமல் கிடக்கிற செஷனைக் குப்பை என்று சர்வர் துடைத்துவிடக்கூடும். வீட்டுக்குப் போய் ஒரு காகிதம் எடுத்துவர அது போதுமா?

இதைவிடப் பயமானது இரண்டு டேப். ஒரே பிரவுசரில் இரண்டு மாணவர்களின் விண்ணப்பத்தைத் திறந்தேன், எந்த செஷன் என்று சர்வருக்குக் காட்டும் குக்கீ ஒன்று, அதனால் செஷனும் ஒன்று, ஒருவன் பெயருக்குக் கீழே இன்னொருவன் வங்கிக் கணக்கு எண் வந்து உட்கார்ந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் சரிபார்த்தபோது கண்ணில் பட்டதால் தப்பித்தோம்.

அதற்காக ஆதார் எண்ணை யூஆர்எல்லில் வைத்து அனுப்பாதீர்கள், அது ஹிஸ்டரியில் தங்கிவிடும், அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவர் கண்ணில் படும். பிரவுசர் தனக்குள் சேமித்துவைக்கும் லோக்கல் ஸ்டோரேஜும் அப்படித்தான், அழிக்கும்வரை என் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். படிவத்தில் கண்ணுக்குத் தெரியாமல் வைக்கும் ஹிட்டன் ஃபீல்டில் இருப்பதை யாரும் மாற்றி அனுப்பலாம், சர்வரில் மறுபடி சோதிக்காமல் நம்பக்கூடாது.

நான் கேட்பது இதுதான். முதல் பக்கம் முடிந்ததுமே டேட்டாபேஸில் ஒரு வரைவு உருவாகட்டும், அதன் எண் எஸ்எம்எஸ்ஸில் வரட்டும். ஒவ்வொரு 'அடுத்து'க்கும், ஏற்றிய போட்டோ உட்பட, அந்த வரைவிலேயே சேமியுங்கள். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போவது அந்த எண் மட்டும்தான், அது லாகின் செய்தவருடையதுதானா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். செஷன் போனாலும் ஓடிபி போட்டு விட்ட இடத்துக்கே வர முடியும், டேப் இரண்டானாலும் எண் வேறு வேறு. அப்புறம், ஒரு பக்கத்தில் வாங்கிய முகவரியை இன்னொரு பக்கத்தில் திரும்பத் தட்டச்சு செய்ய வைக்காதீர்கள், வலைத்தளங்களை எல்லோரும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்காக 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 விதிகளிலேயே இது இருக்கிறது.

அடுத்த தளத்தைத் திறந்துவிடுவதற்கு முன், ஐந்தாம் பக்கம்வரை நிரப்பிவிட்டு எழுந்து போங்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்து 'அடுத்து' அழுத்திப் பாருங்கள்.