ஏ.என்.ஏ. அறிக்கையும் ஆண்டுகளின் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மூட்டு நோவுக்காகவோ முடி உதிர்வுக்காகவோ கலக்கருவுக்கு எதிரான பிறபொருளெதிரிகளை (அன்டிபொடி) தேடும் ஏ.என்.ஏ. எனும் இரத்தப் பரிசோதனையைச் செய்து, 'பொசிட்டிவ்' என்ற ஒரு சொல்லைக் கண்டதும் உடலின் நோயெதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோய் வந்துவிட்டதென்று கலங்கியவர்களையும், வைத்தியர் நோயில்லை என்றதும் அறிக்கையைக் குப்பையில் போட்டவர்களையும் கொழும்பில் ஆய்வுகூடப் பணியிலிருந்த காலத்தில் நிறையக் கண்டிருக்கிறேன். உடலின் சொந்தக் கலங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் திடீரென மொத்தமாகத் தோன்றுவதில்லை. பல ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. இதை இரு சாராருக்கும் எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

2003 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இதனைத் தெளிவாகக் காட்டியது. படையினரிடம் வழமையாகப் பெற்று உறைநிலையில் சேமித்திருந்த குருதி மாதிரிகளுள், பின்னாளில் லூபஸுக்கு ஆளான 130 பேருடையவற்றை எடுத்துச் சோதித்தபோது, 115 பேரிடம் நோய் கண்டறியப்படுமுன்பே ஏதேனுமொரு பிறபொருளெதிரி இருந்தது. சிலரிடம் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. இப்பிறபொருளெதிரிகளில் பல வகைகள் உண்டு: ஏ.என்.ஏ., ரோ, லா ஆகியவை முந்தி வந்தன, டி.என்.ஏ.க்கு எதிரானவை அடுத்து வந்தன; எஸ்.எம்., ஆர்.என்.பி. எனும் வகைகளோ நோய் கண்டறியப்படுவதற்குச் சராசரியாக ஓராண்டளவு முன்னர்தான் தலைகாட்டின. ஒரு புரதத்தின் சிறு பகுதிக்கு எதிராகத் தொடங்கும் தாக்குதல், நாளடைவில் அப்புரதத்தின் ஏனைய பகுதிகளுக்கும் அதனோடு இணைந்துள்ள புரதங்களுக்கும் பரவுவதே இதற்கு ஒரு காரணம்.

உடலே தன் கணையத்தைத் தாக்குவதால் வரும் முதலாம் வகை நீரிழிவிலும் பிறபொருளெதிரிகளின் எண்ணிக்கைதான் பேசுகிறது. கணையத்துக்கு எதிரான பிறபொருளெதிரி ஒன்று மட்டும் உள்ள குழந்தைகளில் பத்தாண்டுக்குள் நோயாளியாவோர் ஏறத்தாழ 15 வீதம். இரண்டோ அதற்கு மேலோ இருப்பின் ஏறத்தாழ 70 வீதம்.

ஆனால் 1:40 ஐதாக்கலில், அதாவது குருதிப் பாயத்தை நாற்பது மடங்கு ஐதாக்கிச் சோதிக்கையில், நலமாயிருப்போரிலும் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு ஏ.என்.ஏ. பொசிட்டிவாக வரும், 1:160 இல் நூற்றுக்கு ஐவருக்கே வரும். அவர்களுள் மிகப் பெரும்பாலானோருக்கு லூபஸ் வருவதேயில்லை. ஆகவே ஐதாக்கல் அளவைக் குறிப்பிடாத அறிக்கை, என் பார்வையில், பாதி அறிக்கைதான். அறிகுறியற்றவர் வருடாவருடம் இதே பரிசோதனையைச் செய்வதும் பணவிரயமே. காய்ச்சல், வாய்ப்புண், வெயில் பட்டுத் தடிக்கும் தோல், நுரைத்த சிறுநீர் என ஏதேனும் புதிதாகத் தோன்றினால், பழைய அறிக்கையுடன் வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

எனவே ஆய்வுகூடங்கள் ஐதாக்கல் அளவையும், ஏ.என்.ஏ. மட்டும் நோயை உறுதிசெய்யாது என்ற ஒரு வரிக் குறிப்பையும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். ரோ பிறபொருளெதிரி உள்ள பெண்களின் அறிக்கையில் இன்னொரு வரியும் தேவை. அவர்களின் குழந்தைகளில் நூற்றுக்கு ஓரிருவருக்குக் கருவிலேயே இதயத் துடிப்பைக் கடத்தும் மின்சைகை தடைப்படக்கூடும் என்பதால், தாய்க்கு எவ்வித நோயும் இல்லாவிடினும், கர்ப்பகாலத்தின் முதல் கிளினிக்கிலேயே அறிக்கையை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
இளைப்பாறிய ஆய்வுகூட உத்தியோகத்தர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.