சட்ட ஆய்வு மாணவர்களின் முதல் ஆறு மாதம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெங்களூரில் சட்டத்தில் பிஎச்.டி. சேரும் நம் பிள்ளைகளில் பலர், ஆய்வேட்டை ஒப்படைக்கும் ஆண்டு நெருங்கும்போதுதான் ஆய்வு செய்யவே கற்கிறார்கள். குறை அவர்கள் மேல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ் ஒர்க், அதாவது ஆய்வுக்கு முந்தைய வகுப்புப் படிப்பு, கேட்கின்றன. அந்த நேரம் பெரும்பாலும் ஆய்வு முறைகளின் வகைகளையும் வரையறைகளையும் எழுதிப் போடுவதிலேயே கழிகிறது. கைவேலையை யாரும் கற்றுத் தருவதில்லை.

முதல் கைவேலை, தலைப்பைக் கேள்வியாக்குவது. 'வாடகைதாரர் உரிமைகள்: ஓர் ஆய்வு' என்று பதிவு செய்தால் ஆறு ஆண்டு படித்தாலும் கரை தெரியாது. '1999ஆம் ஆண்டு கர்நாடக வாடகைச் சட்டப்படி வீட்டைக் காலி செய்யக் கோரும் வழக்குகளில், உரிமையாளரின் சொந்தத் தேவையை நீதிமன்றங்கள் எந்தச் சான்றை வைத்து ஏற்கின்றன?' என்று கேட்டால் எந்தக் கட்டுகளைப் புரட்ட வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும். அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துச் சொத்துகளைப் பற்றி எழுதுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1881 முதல் 1947 வரை, அவை அடங்கிய கண்டோன்மென்ட் பகுதி பிரிட்டிஷார் கையில் இருந்தது, மைசூர் அரசின் நிர்வாகத்தில் இல்லை. அன்றைய மைசூர்ச் சட்டத்தை அங்கே அப்படியே பொருத்தினால் வரலாற்று அத்தியாயமே தவறாகிவிடும்.

அடுத்தது தீர்ப்பைப் படிப்பது. மாணவர்கள் தீர்ப்புக்கு மேலே அச்சிடப்படும் சுருக்கமான தலைப்புக் குறிப்பை (ஹெட்நோட்) படித்துவிட்டு மேற்கோள் காட்டுகிறார்கள். அது தொகுப்பாளர் எழுதியது, நீதிபதியின் வாக்கு அல்ல. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்று சொன்ன கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் 11 தனித்தனித் தீர்ப்புகள் எழுதினார்கள். முடிவு 7க்கு 6. 'உச்ச நீதிமன்றம் கூறியது' என்று ஒரு வரியில் எழுதினால், எந்த நீதிபதி, எந்தப் பத்தி என்று வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். நெருக்கடி நிலையில் காவலில் வைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாட முடியாது என்று சொன்ன ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கு இன்னொரு பள்ளம். 1976இல் 4க்கு 1 என்று முடிந்த அந்தத் தீர்ப்பை 2017இல் அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு செல்லாததாக்கிவிட்டது. ஆனால் தேடினால் பழைய தீர்ப்பு இன்றும் முழுசாக வரும். 1976இல் தனித்து நின்ற நீதிபதி எச்.ஆர். கன்னாவின் மாறுபட்ட தீர்ப்பைப் பெரும்பான்மை என்று எண்ணி எழுதுபவர்களும் உண்டு. ஒரு தீர்ப்புக்கு ஒரு தாள் வைத்துக்கொண்டால் இந்தத் தவறு வராது. அமர்வின் எண்ணிக்கை, பெரும்பான்மையா மாறுபட்டதா, பத்தி எண், பின்னால் பின்பற்றப்பட்டதா தள்ளப்பட்டதா, சரிபார்த்த தேதி ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் இணையத் தீர்ப்புத் தொகுப்பான இ-எஸ்.சி.ஆர். 2023 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. சந்தா இல்லாதவர்களும் மூலத்தைப் பார்த்துவிடலாம்.

குற்றவியல் தலைப்பு எடுத்தவர்கள், இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்த 2024 ஜூலை 1க்கு முன், பின் என்று எல்லாவற்றையும் பிரித்து வைக்க வேண்டும். கொலைக்கான 302ஆம் பிரிவு இப்போது 103 என்பது எளிய மாற்றம். தேசத்துரோகப் பிரிவான 124ஏ இருந்த இடத்தில் வந்த 152இன் வாசகமே வேறு. எண்ணை மட்டும் மாற்றிப் போட்டால் வாதம் உடைந்துவிடும்.

என்னை மிகவும் வருத்துவது, ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் ஒற்றுமைச் சதவீதம் பற்றிய பயம். மானியக் குழுவின் 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளின்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை; 40 வரை போனால் திருத்தித் தர வேண்டும்; 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் சட்ட வாசகம், மூலத்தைக் குறிப்பிட்டு எடுத்தாண்ட மேற்கோள், நூற்பட்டியல் ஆகியவை இந்தக் கணக்கில் சேராது என்று அதே விதி சொல்கிறது. மென்பொருளுக்கு இது தெரியாது, சட்டப்பிரிவுக்கும் சிவப்புக் கோடு போடும். கோட்டைக் கண்டு பயந்த மாணவர் பிரிவின் சொற்களையே மாற்றி எழுதுகிறார். 'மே' (செய்யலாம்) இருந்த இடத்தில் 'ஷல்' (செய்ய வேண்டும்) வருகிறது. 'ரீசன் டு பிலீவ்' (நம்புவதற்குக் காரணம்) வெறும் சந்தேகமாகிவிடுகிறது. சதவீதம் குறைந்தது, சட்டம் பிழையானது! பிரிவை மேற்கோள் குறிக்குள் எழுத்து மாறாமல் வைத்து, விலக்குப் பட்டியலை அறிக்கையோடு இணைத்துக் கொடுக்கும்படி நெறியாளர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

களத் தரவு தேவைப்படுபவர்கள் தகவல் உரிமை மனுவை முதல் செமஸ்டரிலேயே போட வேண்டும். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே பொருள், பொதுவாக 150 சொற்களுக்குள், கட்டணம் 10 ரூபாய். பல பொருள்களை ஒரே தாளில் எழுதினால் முதல் பொருளுக்கு மட்டும் பதில் தந்து, மற்றவற்றுக்குத் தனி மனு போடச் சொல்லலாம். பதிலுக்கு 30 நாள், முதல் மேல்முறையீட்டுக்கு 45 நாள் வரை என்று போனால் ஒரு செமஸ்டரில் பாதி கழிந்துவிடும். உயர் நீதிமன்றத்துக்குத் தனி விதிகள் உண்டு. கீழ் நீதிமன்றச் சாட்சியப் பதிவுகள் பெரும்பாலும் கன்னடத்தில்தான் இருக்கும். பேசத் தெரிந்தால் போதாது, எழுத்துக் கூட்டிப் படிக்கவாவது பழக வேண்டும்.

இனி கருத்தரங்கு. மானியக் குழுவின் 2016 பிஎச்.டி. விதிகள் ஒரு கட்டுரை வெளியீட்டையும் இரண்டு கருத்தரங்கு உரைகளையும் கட்டாயமாக்கியிருந்தன. 2022 விதிகள் அதை எடுத்துவிட்டன. ஆகவே சான்றிதழுக்காக ஓட வேண்டிய அவசியம் இல்லை. சட்டம் முதல் நானோ தொழில்நுட்பம் வரை எல்லாவற்றுக்கும் ஒரே மேடை, அனுப்பிய மறுநாளே ஏற்பு, கட்டணம் கட்டினால் வெளியீடு உறுதி என்றால் அந்தப் பக்கமே போகக்கூடாது. தரமான ஆய்விதழ்களை மானியக் குழு வரிசைப்படுத்திய கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டுவிட்டதால் ஆய்விதழை எடைபோடும் வேலை மாணவர், நெறியாளர் தலையில்தான் விழுகிறது.

நல்ல கருத்தரங்குக்கு 300 சொல் சுருக்கம் கேட்டால், அதில் கேள்வி, எடுத்த தரவு, கிடைத்த விடை மூன்றும் இருக்க வேண்டும். பெரும்பாலான சுருக்கங்கள் பின்னணியிலேயே 250 சொற்களைத் தீர்த்துவிடுகின்றன. பேசக் கிடைப்பது பொதுவாக 15 நிமிடம். ஆங்கிலத்தில் நிதானமாகப் படித்தால் 1,500 சொற்களுக்கு மேல் போகாது. ஆனால் மாணவர்கள் 6,000 சொல் கட்டுரையைக் கொண்டுவந்து, முன்னுரை முடிவதற்குள் மணி அடித்து இறங்குகிறார்கள். கட்டுரையைச் சுருக்காமல், அதிலிருந்து ஒரே ஒரு வாதத்தை எடுத்துத் தனி உரையாக எழுத வேண்டும்.

சட்டக் கல்லூரிகளுக்கு ஒரு கோரிக்கை. செமஸ்டருக்கு ஒரு முறை ஆய்வுக் குழு முன் நிற்பதற்கு முந்தைய மாதம், கடிகாரம் வைத்து ஓர் ஒத்திகை நடத்துங்கள். வேறு துறை ஆசிரியர் ஒருவர் கேள்வி கேட்கட்டும். அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் தமிழ்ச் சங்கமும் மாதம் ஒரு சனிக்கிழமை இடம் கொடுத்தால், தங்கள் கேள்வியைச் சட்டம் படிக்காத நம் மக்களுக்கு இரண்டு நிமிடத்தில் தமிழில் சொல்லிப் பார்க்க மாணவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும். சங்க நிர்வாகிகள் இதைப் பரிசீலிக்க வேண்டும்.

இப்படிக்கு,
சட்ட ஆய்வு நெறியாளர் ஒருவர்,
பெங்களூரு